கர்ராஸ் என்னும் பட்டம்

உங்கள் இல்லத்தில் யாரேனும் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று வந்திருப்பின், மதீனா மாநகரில் அச்சான திருக்குர்ஆன் பிரதியொன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கக்கூடும். அது உஸ்மான் தாஹா என்னும் எழுத்துக் கலைஞரின் கையெழுத்தில் அமைந்த பிரதியாயின், ஒளுச் செய்துகொண்டு அதை எடுத்து, ஸூரத்துன் நாஸுக்கு அப்பால் உள்ள பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அப்பிரதி யாருடைய ஓதல் முறைப்படி அமைந்தது, எழுத்துகள் எந்த விதிப்படி எழுதப்பட்டன, நிறுத்தக் குறிகள் எவ்வாறு இடப்பட்டன என்னும் விவரங்களை ஆலிம்கள் குழுவொன்று அங்கே அரபியில் குறித்து வைத்திருக்கிறது. அவ்விவரங்களுக்கிடையே ஒரு நூலின் பெயர் வரும். ‘அத்திராஸ் அலா ளப்தில் கர்ராஸ்’ என்பது அந்நூலின் பெயர்.

ஜபர், ஜேர், பேஷ் என்று நம் பிள்ளைகள் மதரஸாவில் ராகமிட்டுச் சொல்கிறார்களே, அந்தக் குறிகளை எந்த எழுத்தின்மீது எவ்வாறு இடவேண்டும் என்று கூறும் கலைக்கே ‘ளப்த்’ என்று பெயர். அக்கலையின் விதிகளைக் கர்ராஸ் என்பவர் மனனம் செய்வதற்கு ஏதுவாகச் செய்யுள் வடிவில் யாத்து வைத்தார். அச்செய்யுளுக்குத் திலிம்ஸான் நகரத்து இமாம் தனஸீ (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் எழுதிய விரிவுரையே மேற்சொன்ன நூல். ஆக, உலகெங்கும் கோடிக்கணக்கான கைகளில் தவழும் ஒரு முஸ்ஹஃபின் குறிகளுக்கு வழிகாட்டியாக இன்றும் ஒரு கர்ராஸின் பெயர் நின்றுகொண்டிருக்கிறது.

கர்ராஸ் என்றால் யார்? தோலைக் குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலால் தைப்பவர். நம் பேச்சில் சொல்வதானால், செருப்புத் தைப்பவர்.

இதைப் படித்ததும் உங்களில் சிலருக்கு மனம் சற்றே துணுக்குறலாம். திருமறையின் பக்கத்தில் செருப்பைப் பற்றிய பேச்சா என்று தோன்றலாம். அந்தத் துணுக்குறலைப் பற்றித்தான் இந்த வெள்ளிக்கிழமை உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு முன், இமாம் கர்ராஸ் அவர்கள் வாழ்ந்த ஊருக்கு நாம் ஒருமுறை போய்வர வேண்டும்.

இமாமவர்களின் இயற்பெயர் முஹம்மது இப்னு முஹம்மது இப்னு இப்ராஹீம். ஸ்பெயின் நாட்டின் ஷரீஷ் நகரைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். ஆயினும் வாழ்ந்ததும், சிறார்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்ததும், ஹிஜ்ரி 718-ல் (கி.பி. 1318) மறைந்ததும் மொராக்கோ நாட்டின் ஃபாஸ் நகரில்தான். தொடக்கத்தில் தோல் தைக்கும் தொழிலைச் செய்ததால் அப்பட்டம் வந்தது என்பர். வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் குர்ஆன் எழுத்துக் கலையைப் பற்றிக் கூறுமிடத்தில், மேற்குலகின் பிற்கால அறிஞராக இவரை அந்தப் பட்டத்தாலேயே குறிப்பிடுகிறார். பட்டத்தை மறைக்க அவரும் முயலவில்லை. அவருடைய மாணவர்களும் முயலவில்லை.

ஃபாஸ் நகரை நாம் அறியாதவர்கள் அல்லர். நம் பாட்டனார்கள் அணிந்த, கறுப்புக் குஞ்சம் தொங்கும் சிவப்புத் துருக்கித் தொப்பியை ‘ஃபெஸ் தொப்பி’ என்று சொல்வார்களே, அப்பெயர் இந்நகரின் பெயரே. தலைக்கு அணிவதால் அவ்வூரை அறிந்துகொண்ட நாம், காலுக்கு அணிவதாலும் அதை அறிந்துகொள்வது நன்று.

ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றலான இத்ரீஸ் இப்னு அப்துல்லாஹ் அவர்கள் ஹிஜ்ரி 172-ல் (கி.பி. 789) ஆற்றின் ஒரு கரையில் இந்நகருக்கு அடிகோலினார்கள். மறு கரையில் அவர்தம் மைந்தர் இரண்டாம் இத்ரீஸ் நகரை விரிவாக்கினார். குர்துபாவிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் ஒரு கரையிலும், துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்த குடும்பங்கள் மறு கரையிலும் குடியேறின. கைரவான் குடும்பமொன்றின் புதல்வியான ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா என்னும் மாதரசி, தமக்கு வாரிசுரிமையாகக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு ஹிஜ்ரி 245-ல் (கி.பி. 859) எழுப்பியதாகச் சொல்லப்படுவதே கரவிய்யீன் பள்ளிவாசல். அது கல்விக்கூடமாக வளர்ந்து, இன்றுவரை ஓதும் குரல் ஓயாமல் இருக்கிறது. மதில் சூழ்ந்த இப்பழைய நகரை 1981-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மோட்டார் வண்டி நுழைய முடியாத சந்துகள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. சுமையைக் கழுதையும் கோவேறு கழுதையும் சுமக்கின்றன. பின்னாலிருந்து “பாலக், பாலக்” என்று ஓட்டுபவர் குரல் கொடுத்தால், வழிவிடுங்கள் என்று பொருள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளிவாசலைச் சுற்றித்தான் தொழில்கள் அனைத்தும் அமைந்திருக்கின்றன. ஒரு பக்கம் அத்தர், மசாலா விற்போர் தெரு. மறுபக்கம் செப்புப் பாத்திரம் தட்டுவோர் சதுக்கம். சுத்தியல் ஓசை கரவிய்யீன் நூலகத்தின் வாசல்வரை கேட்கும். துர்நாற்றம் வீசும் தோல் பதனிடும் தொட்டிகள் மட்டும் சற்றுத் தள்ளி, ஆற்றோரத்தில் உள்ளன. அவற்றுள் பெரியது ஷவ்வாரா. உயரமான வீட்டு மாடியிலிருந்து கீழே பார்த்தால், தேன்கூட்டின் அறைகளைப் போல் வட்டத் தொட்டிகள் வரிசை வரிசையாகத் தெரியும். பார்க்க வரும் வெளியூராருக்கு மூக்கருகே வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து கொடுப்பார்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்குவது அங்கும் உண்டு. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை அங்கே வேறு மரப்பட்டைகளும் ஒருவகைச் சவுக்கு போன்ற பாலைமரத்தின் காய்ப்புகளும் செய்தன. தோலை மிருதுவாக்கப் புறா எச்சத்தைக் கரைத்த நீரில் மிதித்து ஊறவைப்பார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, வெறுங்காலால் நாள் முழுவதும் மிதிக்கிற வேலை அது. மஞ்சள் தோலுக்கு மாதுளை ஓட்டின் சாயம் பழைய முறை. தொட்டியில் முக்காமல் கையாலேயே தேய்த்து ஏற்றுவார்கள். இன்று பெரும்பாலும் இரசாயனச் சாயங்கள் வந்துவிட்டன. பாலாறு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன், ஃபாஸ் நகரின் கழிவுநீர் சென்று சேரும் ஸபூ ஆறும் அதே துன்பத்தை அனுபவித்திருக்கிறது. இத்தனைக்குப் பின்னும் அவ்வூரார் தோல் பதனிடும் இல்லத்தைப் பொன் விளையும் இல்லம் என்றே சொல்லி வந்தார்கள். அரபியில் ‘தபாக்’ என்னும் சொல்லையும் ‘தஹப்’ என்னும் சொல்லையும் இணைத்த ஓசை நயம் அது.

இறந்த பிராணியின் தோலைத் தொட்டுப் பிழைப்பது இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அது நம் மார்க்கத்திலிருந்து வந்ததில்லை. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடொன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே வந்த பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்த பிராணி ஆயிற்றே என்று தோழர்கள் தயங்கியபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி வருகிறது. இதன் சட்ட நுணுக்கங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. நாய், பன்றி நீங்கலாக ஏனையவற்றின் தோல் பதனிட்டால் தூய்மையாகும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு.

அண்ணலார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அளித்த மறுமொழியை அறிவீர்கள். தம் ஆடையைத் தாமே தைப்பார்கள். தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள். இதை எத்தனையோ பயான்களில் எளிமைக்கு உதாரணமாகக் கேட்டிருக்கிறோம். அன்னை ஜைனப் பின்து ஜஹ்ஷ் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தியை அவ்வளவாகக் கேட்டிருக்க மாட்டோம். குறைஷிகளோடு இரத்த உறவுள்ள உயர்குடிப் பெண்மணி, நாயகத்தின் மாமி மகள், முஃமின்களின் தாய். அவர்கள் கைத்தொழில் வல்லவராக இருந்தார்கள்; தோலைப் பதனிடுவார்கள், தைப்பார்கள், அதில் கிடைப்பதை இறைவழியில் தர்மம் செய்துவிடுவார்கள் என்று நூல்கள் கூறுகின்றன. தைத்தார்கள் என்பதற்கு அங்கே வந்துள்ள சொல் ‘தக்ருஸு’. கர்ராஸ் என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. தம் மனைவியருள் நீண்ட கையுடையவரே தமக்குப் பின் முதலில் தம்மை வந்தடைவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஜைனப் (ரலி) அவர்கள் முதலில் மறைந்தபோதுதான், கையின் நீளம் என்பது உழைத்துக் கொடுக்கும் கையைக் குறித்தது என்று ஏனைய அன்னையர் உணர்ந்தார்கள்.

இனி, ஃபாஸ் நகரின் ஒரு கர்ராஸின் பட்டறைக்குள் நுழைவோம்.

பட்டறை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பழைய வணிகச் சத்திரமொன்றின் மாடியில், நான்கைந்து பேர் முழங்கால் முட்ட உட்காரக்கூடிய அறை. அத்தகைய அறைகளில் பல வக்ஃபுச் சொத்துகள். அவற்றின் வாடகை பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் செல்லும். வெளிச்சம் வாசல் வழியாக வருவதுதான். தரையில் தாழ்வான இருக்கை. முன்னால் ஒரு மரக்கட்டை. சுவரில் அட்டை மாதிரிகள் ஆணியில் தொங்கும். இங்கே உருவாவது ‘பல்கா’ என்னும் மிதியடி. முன்பக்கம் கூர்ந்து, பின்பக்கம் குதிகால் மூடாமல் திறந்திருக்கும். ஆடவருக்கு மஞ்சளும் வெள்ளையும். பெண்டிருக்குப் பட்டும் சரிகையுமாகப் பூவேலை செய்தது. குனியாமலே கழற்றவும் மாட்டவும் முடியும். ஒரு நாளில் ஐந்து முறை பள்ளி வாசலில் காலணியைக் கழற்றுகிற மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

மேல்தோல் வெள்ளாட்டினுடையது. மொராக்கோத் தோல் என்று உலகம் புகழ்ந்து, விலையுயர்ந்த நூல்களுக்கு மேலட்டை கட்டியதும் இவ்வகை வெள்ளாட்டுத் தோலையே. உள்தோல் செம்மறியாட்டினுடையது. அடித்தோல் மாட்டினுடையது. மாதிரியை வைத்துத் தோலை வெட்டுவது முதல் வேலை. ஒரே தோலில் முதுகுப் பகுதி உறுதியாகவும் வயிற்றுப் பகுதி தொய்வாகவும் இருக்கும். எந்தத் துண்டு எந்த இடத்துக்கு என்று கண்ணாலும் விரலாலும் அறிபவரே வெட்டலாம். மாவுப் பசை தடவி உள்தோலையும் மேல்தோலையும் ஒட்டுவார்கள். நூலைத் தேன்மெழுகில் இழுத்து முறுக்கேற்றுவார்கள். அடித்தோலை நனைத்து, சுத்தியால் தட்டித் தட்டி இறுக்கிய பின், குத்தூசியால் துளையிட்டு, அத்துளையின் இருபுறமிருந்தும் நூலைச் செலுத்தி இரு கைகளாலும் இழுப்பார்கள். நூல் அறுத்த தழும்பு விரல் மடிப்புகளில் ஆயுள் முழுவதும் நிற்கும். குனிந்தே இருப்பதால் முதுகு வளையும். மங்கிய ஒளியில் கண் சோரும்.

இந்தத் தொழிலின் தலைவரை அவ்வூரில் எப்படி அழைக்கிறார்கள் தெரியுமா? ‘முஅல்லிம்’. வேலை பழகும் பையன் ‘முதஅல்லிம்’. நம் ஊரில் குர்ஆன் ஓதிக் கொடுப்பவருக்கும் ஓதுகிற பிள்ளைக்கும் உள்ள பெயர்கள் அங்கே செருப்புப் பட்டறையில் வழங்குகின்றன. பேச்சுவழக்கில் சற்றுத் திரிந்தாலும் சொல் அதுவே. தொழில் சங்கத்தின் தலைவருக்கு ‘அமீன்’ என்று பெயர். நபித்துவத்துக்கு முன்பே மக்கா நகரத்து மக்கள் நம் நாயகத்துக்கு வழங்கிய பெயர் அது. தரத்தில் குறை கண்டு வாங்கியவர் முறையிட்டாலும், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பிணக்கு வந்தாலும், அமீன் இருவரையும் விசாரித்துத் தீர்ப்பார். அவருக்கு மேலே சந்தையின் கண்காணிப்பாளரான முஹ்தஸிப். இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். முஹ்தஸிபுக்கும் அமீன்களுக்கும் உரிய பொறுப்புகளை வகுத்து மொராக்கோ அரசு 1982-ல் சட்டமே இயற்றியது.

அமீன் எதைப் பார்ப்பார்? காலணியின் மேற்புறத்தை யாரும் பார்க்கலாம். இரண்டு அடித்தோல்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை வாங்குபவர் பார்க்க முடியாது. மலிவான பல்காவில் அவ்விடத்தில் காகித அட்டையை வைத்து மூடிவிடுவதுண்டு. கடையில் எடை சரியாக இருக்கும், பளபளப்புக்கும் குறைவிராது. முதல் மழையில் அட்டை ஊறும். அதன் பின்னரே உண்மை தெரியும். தைத்தவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்த இடம் அது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபீ அவர்களின் காலத்தில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ என்னும் அறிஞர், முஹ்தஸிப்களின் வழிகாட்டுதலுக்காக ஒரு நூல் எழுதினார். அதில் காலணி செய்வோருக்கென்றே ஒரு பகுதி உண்டு. அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் இடையே கந்தலைத் திணிக்கக் கூடாது. பதனிடும்போது கருகிய தோலையோ சரியாகப் பதப்படாத தோலையோ பயன்படுத்தக் கூடாது. நூலை நன்கு முறுக்க வேண்டும், ஒரு முழத்துக்கு மேல் நீளமாக எடுக்கக் கூடாது, ஏனெனில் நீண்ட நூல் இழுத்து இழுத்து முறுக்குத் தளர்ந்து பலவீனமாகிவிடும். பன்றி மயிரை நூல் முனையில் கட்டித் தைக்கக் கூடாது. அதற்குப் பதில் நாரையோ நரியின் மீசை மயிரையோ கொள்ளலாம். சொன்ன நாளில் கொடுக்காமல் மக்களை இன்று வா, நாளை வா என்று அலைக்கழிக்கக் கூடாது. பெண்களின் காலணிக்குள் காகிதத்தை வைத்து, நடக்கும்போது கிறீச்சிட்டு ஒலிக்கும்படி செய்வதையும் தடுக்கிறார். பக்தாத் நகரத்துப் பெண்களிடையே அப்படியொரு நாகரிகம் இருந்ததாம்! ஒரு முழ நூலைக்கூட மார்க்கத்தின் பார்வையிலிருந்து விலக்கி வைக்காத சமுதாயம் அது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டறிந்து, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த அண்ணலாரின் கரம், இத்தகைய நூல்கள் வழியே செருப்பின் அடித்தோலுக்குள்ளும் நுழைந்து பார்த்திருக்கிறது.

இவ்வளவு பேணுதலுடன் தைத்தவர் என்ன பெற்றார் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய ஃபாஸ் நகரில் கர்ராஸ் தம் பொருளைத் தாமே கடை வைத்து விற்பது அரிது. பிற்பகலில் ஏலம் நடக்கும். ‘தல்லால்’ எனப்படும் தரகர் மிதியடி ஜோடிகளைக் கையில் ஏந்திக்கொண்டு, கடைசியாகக் கேட்ட விலையைக் கூவியபடி கடை கடையாக நடப்பார். வணிகர் ஒவ்வொருவரும் சற்று ஏற்றிக் கேட்பர். இறுதி விலையைத் தரகர் வந்து சொல்வார். கொடுப்பதும் மறுப்பதும் தைத்தவரின் உரிமை. ஆனால் மறுநாள் வேலைக்குத் தோல் வாங்கவும் அன்றிரவு அடுப்பெரியவும் அந்தப் பணம்தான் என்றால், மறுக்கும் உரிமைக்கு என்ன மதிப்பு? கையில் முதல் இல்லாத தொழிலாளி எந்த நாட்டிலும் இந்த இடத்தில்தான் தோற்றுப் போகிறான்.

ஒரு காலத்தில் ஃபாஸ் நகரத்து மிதியடிகள் எகிப்துக்கும் செனகல் நாட்டுக்கும் மூட்டை மூட்டையாகச் சென்றன. 1930-களில் உலகப் பொருளாதார மந்தமும், ஜப்பானிலிருந்து வந்து குவிந்த மலிவான ரப்பர்க் காலணிகளும் சேர்ந்து அத்தொழிலை முறித்தன. பட்டறைகள் மூடின, முஅல்லிமாக இருந்தவர்கள் கூலிக்குப் போனார்கள். பின்னர் சுற்றுலாப் பயணிகளால் ஓரளவு உயிர் வந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது, அந்தப் பயணிகளும் இல்லாமல் போயினர். இன்று செயற்கைத் தோலில் இயந்திரம் செய்த பல்கா, கைவேலைப் பல்காவின் அருகிலேயே அதே நிறத்தில் தொங்குகிறது. விலை குறைவு, பார்வைக்கு வேற்றுமையில்லை.

பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர விரும்பவில்லை என்று அங்கே வருந்துகிறார்கள். அவ்வருத்தத்தில் நான் முழுமையாகப் பங்குகொள்ள மாட்டேன். பத்து வயதுப் பையன் இருட்டறையில் நூலுக்கு மெழுகிடுவதைவிடப் பள்ளிக்கூடம் போவதே மேல். படித்த பின்னும் ஒருவன் குத்தூசியைக் கையிலெடுக்க முன்வருவானா என்பதே கேள்வி. அப்படி வருவதற்கு இரண்டு தேவை. ஒன்று, குடும்பம் நடத்தப் போதிய கூலி. மற்றொன்று, அவன் பெண் கேட்டுப் போனால் கதவு திறக்க வேண்டும்.

இங்கேதான் பேச்சு நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

டமாஸ்கஸ் நகரத்துச் செருப்புத் தொழிலாளியின் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஹஜ்ஜுக்கென்று பல்லாண்டுகள் சேர்த்த பணத்தை, பசியால் செத்த பிராணியின் இறைச்சியைச் சமைத்த அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார்; மக்காவுக்குப் போகாமலே அவருடைய ஹஜ் ஏற்கப்பட்டதாக இமாம் அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்களுக்குக் கனவில் காட்டப்பட்டது என்பது கதை. மிம்பரிலிருந்து இதைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பள்ளி மதிலோரம் கிழிந்த குடையின் கீழ் அமர்ந்திருக்கும் தொழிலாளியிடம் அறுந்த வாரை நீட்டி, அவர் கேட்கும் கூலியில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். அவரை ‘நீங்கள்’ என்று அழைக்கும் வழக்கம் நம் வீடுகளில் எத்தனை பேருக்கு உண்டு? அவர் நம் மார்க்கத்தவராக இல்லாதிருக்கலாம். அதனால் நம் பொறுப்பு குறைந்துவிடாது.

திருமணத்தில் பொருத்தம் பார்க்கும் சட்டத்தைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். தொழிலின் அந்தஸ்தைப் பற்றி ஃபிக்ஹ் நூல்களில் பேச்சு உண்டு என்பது உண்மையே. அந்தந்தக் காலத்து மக்களிடையே மணவாழ்வு முறியாதிருக்க வேண்டும் என்ற கருத்தில் அறிஞர்கள் எழுதியது அது. தொழிலையே இழிவு என்று தீர்ப்பளிக்க அவர்கள் எழுதவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ பொருத்தம் என்பது மார்க்கப் பற்றில்தான் என்றார்கள். ஃபாஸ் நகர மக்கள் அவர்களுடைய மத்ஹபையே பின்பற்றுகின்றனர். இரத்தம் குத்தியெடுக்கும் தொழில் செய்த அபூ ஹிந்த் (ரலி) அவர்களுக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று பனூ பயாளா குலத்தாருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

பக்தாதில் கஸ்ஸாஃப் என்றொரு பெரும் சட்டமேதை இருந்தார். ஹிஜ்ரி 261-ல் மறைந்தார். வக்ஃபுச் சட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் ஹனஃபீ மத்ஹபில் இன்றும் முதன்மை ஆதாரம். கலீஃபாவின் அவையில் இடம் பெற்றவர். ஆயினும் தம் உணவைக் கைத்தொழிலில் தேடிக்கொண்டார். கஸ்ஸாஃப் என்றால் செருப்பைச் செப்பனிடுபவர். சூஃபிகளில் அபூ ஸஈத் அல்கர்ராஸ் (ரஹ்) அவர்களின் பெயரையும் அறிவீர்கள். கரவிய்யீன் பள்ளியில் இமாமாகவும் முஃப்தியாகவும் இருந்து ஹிஜ்ரி 1041-ல் மறைந்த மக்கரீ அவர்கள், நாயகத்தின் காலணிகளைப் புகழ்ந்து தனி நூலே யாத்தார். அக்காலணிகளுக்கு இரண்டு வார்கள் இருந்தன என்பதை அனஸ் (ரலி) அவர்கள் நினைவில் வைத்துச் சொன்னார்கள். மயிர் நீக்கிப் பதனிட்ட தோலால் ஆன காலணியை நாயகம் அணியக் கண்டேன், ஆகவே நானும் அதையே விரும்புகிறேன் என்றார்கள் இப்னு உமர் (ரலி) அவர்கள். அந்தத் தோலையும் ஒருவர் பதனிட்டிருப்பார். அந்த வார்களையும் ஒருவர் தைத்திருப்பார்.

இன்று வெள்ளிக்கிழமை. ஃபாஸ் நகரின் பழைய வீதிகளில் பெரும்பாலான பட்டறைகள் அடைத்திருக்கும். செப்புத் தட்டும் ஓசை இராது. மரக் கதவைப் பூட்டிவிட்டு, கையில் படிந்த மெழுகையும் பசையையும் தேய்த்துக் குளித்து, நீண்ட மேலங்கியோடு வெள்ளைப் பல்கா அணிந்து கர்ராஸும் ஜும்ஆவுக்குப் புறப்படுவார். கரவிய்யீனின் வாசல்கள் பல. எந்த வாசலில் நுழைந்தாலும் காலணியைக் கழற்றி, அடியோடு அடி சேர்த்து, இடக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே செல்வது அங்கு வழக்கம். ஸஃப்பில் அமர்ந்து அவர் நிமிரும்போது, முன்வரிசையில் ஒரு ஜோடி அடிப்புறம் மேலாகக் கிடக்கிறது. மெழுகு நூல் நெருக்கமாக, ஒரே அளவில் ஓடியிருக்கிறது. தம் கைத் தையலை எந்தத் தொழிலாளி அறியமாட்டார்? உள்ளே என்ன வைத்தோம் என்பதும் அவருக்குத் தெரியும். குத்பா முடிந்து இகாமத் சொல்லப்படுகிறது. அவர் எழுந்து நிற்கிறார்.